எண்ணுவது யார், பிள்ளையா போனா?

போன கோடை லீவில் நடந்தது. மகன் அப்போதுதான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தான். வாய்ப்பாட்டில் ஆறு வரைக்கும் வண்டி ஓடும், ஏழு வந்தால் மக்கர் பண்ணும். வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு அம்மா "என் பையன் இதுலதான் வாய்ப்பாடு படிச்சான்" என்று ஒரு ஆப் லிங்க் போட்டார். கார் ரேஸ். வளைவுக்கு ஒரு பெருக்கல் கேள்வி, சரியாகச் சொன்னால் கார் சீறிக்கொண்டு போகும், காசு கொட்டும், பத்து வளைவு தாண்டினால் ஒரு புதையல் பெட்டி. நானும் இறக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சமையலைப் பார்த்தேன். பிள்ளை போனில்தான் இருக்கிறான், ஆனால் கணக்குதானே போடுகிறான்!

மூன்று வாரம் கழித்து, முப்பதாவது லெவலுக்கு வந்துவிட்டேன் என்று குதித்தான். சரி, பலன் தெரியட்டும் என்று காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஏழெட்டு எவ்வளவுடா?"

சுவரைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். அப்புறம் சொன்னான், "ஆப்ஷன் சொல்லும்மா."

அன்றைக்குத்தான் அவன் பின்னால் உட்கார்ந்து ஒரு ரேஸை முழுதாகப் பார்த்தேன். 7×8 என்று வருகிறது, கீழே 54, 63, 56, 48 என்று நாலு பொத்தான். பயல் நாலையும் இடமிருந்து வலமாகத் தட்டுகிறான், டக் டக் டக். தப்பான விடைக்குத் திரை லேசாக ஆடும், அவ்வளவுதான், காசு குறையாது, காரும் நிற்காது. மூன்றாவது தட்டில் 56 மாட்டியது, கார் பறந்தது. கேள்வியை அவன் படிக்கவே இல்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லையே! உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் கொஞ்சம் அதிகமாக வந்தது. எந்த வழியில் உழைப்பு குறைவோ அதைக் கண்டுபிடித்திருக்கிறான், அதுவும் ஒரு கணக்குதான். ஆனால் அது ஏழாம் வாய்ப்பாடு இல்லை.

அந்த ஆப்பில் விளையாட்டு தனி, கணக்கு தனி. ரேஸ்தான் விளையாட்டு, கணக்கு நடுவில் நிற்கும் டோல்கேட். டோல்கேட்டை யார் ரசிப்பார்கள்? எப்படியாவது தாண்டத்தான் பார்ப்பார்கள். பிரிட்டனில் ஹாப்குட், எய்ன்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நேராகவே சோதித்துப் பார்த்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். எலும்புக்கூடுகளோடு சண்டை போடுகிற ஒரு விளையாட்டை 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தார்கள். ஒரு வடிவத்தில் எலும்புக்கூட்டின் நெஞ்சில் ஒரு எண் இருக்கும், அதை மீதியில்லாமல் வகுக்கிற எண்ணுக்குரிய ஆயுதத்தால் அடித்தால்தான் அது விழும். அதாவது வகுத்தல்தான் வாள்வீச்சு. இன்னொரு வடிவத்தில் சண்டை வெறும் சண்டை, லெவல் முடிந்ததும் அதே வகுத்தல் கணக்குகள் வினாடிவினாவாக வரும். முதல் வடிவத்தில் விளையாடிய பிள்ளைகள்தான் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது அந்த வடிவத்தில் ஏழு மடங்கு நேரம் கூடுதலாக இருந்தார்களாம். நான் இறக்கிக் கொடுத்தது இரண்டாவது ரகம்.

ஆப்பைத் தூக்கினேன். ஒரு நாள் அழுகை, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் சின்னவள் கதை வேறு. யுகேஜி. அவளுக்கும் அப்பத்தாவுக்கும் (என் அத்தைதான்) பரமபதம் என்றால் உயிர். அட்டை கிழிந்துபோனதால் நான் போனிலேயே பாம்பும் ஏணியும் இறக்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் விளையாடிவிட்டு அத்தை ஒதுங்கிக்கொண்டார். "அதுவே உருட்டுது, அதுவே நகருது, நமக்கு அதுல என்ன வேலை?" பழைய ஆட்களுக்குப் போன் சரிப்படவில்லை என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

கிழிந்த அட்டைக்கு செல்லோ டேப் ஒட்டி மறுபடி ஆடும்போது கவனித்தேன். தாயக்கட்டையில் 5 விழுந்தால் அட்டையில் பிள்ளை காயை எடுத்து, ஒவ்வொரு கட்டமாகக் குத்தி நகர்த்த வேண்டும். 19இல் இருந்து 20க்குப் போகும்போது எண் தடுமாறும், வரிசை முடிந்து மேலே ஏறித் திரும்பும்போது எந்தப் பக்கம் போவது என்று விரல் அந்தரத்தில் நிற்கும். போனில் அந்தத் தடுமாற்றமே கிடையாது. தட்டினால் காய் தானாக ஓடிப் போய் உட்கார்ந்துவிடும். இவள் செய்யவேண்டிய ஒரே கணக்கைப் போன் செய்து முடித்துவிடுகிறது. அத்தை சொன்னது இதைத்தான்.

எண்கள் வரிசையாக எழுதிய அட்டையில் விளையாடுவதைப் பற்றி அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள், ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே கோட்டில் கட்டம் போட்ட அட்டை, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் போலத்தான் விளையாட்டு. எந்த எண் பெரிது, எந்த எண் எங்கே இருக்கும் என்கிற விவரமெல்லாம் கூடியது, ஒன்பது வாரம் கழித்துக் கேட்டபோதும் நின்றது. எண்ணுக்குப் பதில் வெறும் கலர் கட்டம் வைத்து விளையாடியவர்களுக்கு அப்படி வரவில்லை. பிறகு சீக்லரும் லாஸ்கியும் செய்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு ரொம்ப உபயோகப்பட்டது. காயை நகர்த்தும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணாமல், நிற்கிற கட்டத்திலிருந்து "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்து எண்ணையே சொல்லி நகர்த்திய பிள்ளைகளுக்குத்தான் பலன். விஷயம் இவ்வளவு சின்னது! அன்றிலிருந்து வீட்டில் சட்டம், எண்ணைச் சொல்லாமல் நகர்த்தினால் காய் பழைய இடத்துக்கே போகும். சட்டத்தை அதிகம் மீறுவது அப்பத்தாதான். சின்னவள் விடமாட்டாள்.

போனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணுகிற வேலை யார் கையில் இருக்கிறது என்று மட்டும் இப்போது பார்க்கிறேன், கணக்கு என்ற பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. 2014இல் வந்த 2048 என்ற விளையாட்டை யாரும் கல்வி ஆப் என்று விற்கவில்லை, ஆனால் ஒரே மாதிரி இரண்டு கட்டங்களை மோத விட்டு இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதுதான் அதில் வேலை. பெரியவன் ஒரு வாரத்தில் 64, 128, 256, 512 என்று பாட்டுப்போல ஒப்பித்தான். எனக்குச் சந்தேகம், கலரைப் பார்த்துத்தானே சேர்க்கிறான்? "ரெண்டு 256?" உடனே 512. "ரெண்டு 257?" கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்து, "514" என்றான். ஆப்ஷன் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் அதிகம் ஓடுவது ஃபெட் (PhET), கணக்கையும் அறிவியலையும் திரையில் நோண்டிப் பார்க்கிற விளையாட்டுகளின் தொகுப்பு. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, அவர் அதற்கு முந்தைய வருடம்தான் இயற்பியலுக்கு நோபல் வாங்கியிருந்தார். இலவசம், விளம்பரம் இல்லை, காசு பெட்டி இல்லை. ஒவ்வொரு விளையாட்டையும் ஒரே ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் பிரவுசரில் திறக்கும். ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் இதுதான் கைகொடுக்கிறது. பார்க்க ரொம்பப் பகட்டாக இருக்காது, முதல் நாள் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாமும் கொஞ்சம் நோண்ட வேண்டும். இந்த உட்காருதலைத் தவிர்க்கத்தானே போனைக் கொடுக்கிறோம், அதுதான் சிக்கல்.

பின்னம் இவனுக்கு அதில்தான் பிடிபட்டது. 1/8 பெரிதா 1/4 பெரிதா என்றால் எட்டுதானே பெரிது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன், வட்டத்தை எட்டாக வெட்டிப் பார்த்துத் துண்டு சுண்டிப்போனதும் கப்சிப். அத்தை எட்டிப் பார்த்து "இது அரைக்கால்டா, இதுல பாதி வீசம்" என்றார். காலில் அரை, அரைக்கால். விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, நமக்குத்தான் கால் கிலோ, அரை கிலோவோடு வழக்கு நின்றுவிட்டது.

அதில் பரப்பளவு விளையாட்டு ஒன்று உண்டு. சின்னச் சின்னச் சதுரங்களை இழுத்து வைத்து உருவம் கட்டவேண்டும், பரப்பளவும் சுற்றளவும் கூடவே மாறிக்கொண்டு வரும். 12 சதுரத்தை நாலுக்கு மூன்றாக வைத்தால் சுற்றளவு 14, ஆறுக்கு இரண்டாக வைத்தால் 16, ஒரே வரிசையாக நீட்டினால் 26. சதுரம் ஒன்றுகூடக் கூடவில்லை, வேலி மட்டும் நீண்டுகொண்டே போகிறது என்பதில் அவனுக்கு ஒரே ஆச்சரியம். 2 × (நீளம் + அகலம்) என்று நோட்டில் எழுதியபோது இந்த ஆச்சரியம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

போன சனிக்கிழமை மாவாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். "அம்மா, சுற்றளவு 12 வருது, 14 வருது, 13 மட்டும் வரமாட்டேங்குது." கோணல்மாணலாக வைத்துப் பாருடா என்றேன். வைத்துப் பார்த்தான், நடுவில் ஓட்டை விட்டும் பார்த்தான், எப்போதும் இரட்டைப்படைதான் வருகிறது. கட்டம் போட்ட நோட்டை எடுத்து உருவத்தைச் சுற்றி விரலை ஓட்டி ஓட்டி எண்ணுகிறான், வலது பக்கம் எத்தனை, இடது பக்கம் எத்தனை என்று ஓரத்தில் எழுதி வேறு வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி வரை 13 வரவில்லை. நான் காரணத்தைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.