லொறி எங்கே திரும்பும்? நெல் ஆலைக்குக் கட்டட அனுமதி எடுத்த கதை

"வாகனத் தரிப்பிட ஏற்பாடு திருப்தியில்லை. முகப்பின் வடிவமைப்புப் பொருத்தமில்லை." 2023 நவம்பரில் எங்கள் ஆலை விண்ணப்பத்தை நிராகரித்துப் பிரதேச சபையிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். மூன்று மாதம் காத்திருந்து, படவரைஞருக்குக் காசு கொடுத்து, வங்கியில் கடனுக்குச் சொல்லிவைத்து, கடைசியில் இரண்டு வரி. ஆலையில் பாதிப் பங்கு மாமாவுடையது. கடிதத்தை வாசித்துவிட்டு "இது காசு கேக்கிற கடிதம் மகன்" என்றார். நானும் கொஞ்ச நாள் அப்படியே நினைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

காணியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வில்லங்கம் முழுக்க அதில்தான் இருந்தது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கல்முனை வீதி. வீதியைப் பார்த்த காணிகளில் பல முகம் குறுகி உள்ளே நீண்டு கிடப்பவை. எங்களுடையது 60 பேர்ச். வீதிப் பக்கம் 66 அடி, உள்ளே போனால் 247 அடி. நெல் வருவது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு லொறியும் மெசின் பெட்டியும் (உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி) நேரே இந்தப் பக்கம் ஏறிவிடுகின்றன, முன்பு பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏற்றி இறக்கிய காலத்தில் இங்கே ஆலை போட யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் காணி நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட எல்லைக்குள் வருகிறதா என்று விண்ணப்பிக்க முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். வந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் 2021இல் வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளும். வராவிட்டால் 1915ஆம் ஆண்டின் பழைய வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். எங்களுடையது உள்ளே வந்தது. உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், பிளான் பிரதிகள் எல்லாம் வழமைதான். கூடுதலாக, எங்கள் கேற் திறக்கும் கல்முனை வீதி ஏ4 பிரதான வீதி என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு தனியாக. இதற்குள் சபையில் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து எல்லாம் செயலாளர் கையில் இருந்தது. "தெரிந்த மெம்பரைப் பிடி" என்று சொன்னவர்களுக்குப் பிடிக்க மெம்பர் இருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுக்குத்தான்.

முதல் பிளானைக் கீறியவர் வீடு கீறுவதில் கெட்டிக்காரர். 50 அடிக்கு 100 அடி ஆலை, வீதியிலிருந்து 30 அடி விட்டு முன்னுக்கு. பெரிய கதவு வீதியைப் பார்த்து. இடப்பக்கம் 3 அடி, வலப்பக்கம் 13 அடி ஓடை, அந்த ஓடையால் பின்னால் போனால் வரிசையாகத் தரிப்பிடம்: எங்கள் கட்டடத்துக்குக் கேட்ட ஏழு கார்ப் பெட்டியும் இரண்டு லொறிப் பெட்டியும், கார்ப் பெட்டி ஒவ்வொன்றும் 2.4 மீற்றருக்கு 4.8 மீற்றர், அச்சுப் போல. நெல் ஆலைக்குக் காரில் வருகிறவர் யார்? கடன் தந்த வங்கி மனேஜர் வருவார், வருடத்துக்கு ஒரு தரம். அந்த எரிச்சலில்தான் கடிதம் வந்த பிறகு நான் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். பெட்டி போதாது என்கிறார்களா, சரி, பத்தாக்குவோம் என்று திருத்திக் கொடுத்தேன். திரும்பி வந்தது. அதே இரண்டு வரி.

இரண்டு ஆட்சேபக் கடிதமும் போயிருந்தது, அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒன்று இடப்பக்கக் காணி மாஸ்டர், எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். மற்றது எதிர்வளவுப் பெரியம்மா. அவர் எழுதவில்லை, பேத்தி எழுதிக் கைநாட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

ஜனவரியில் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் ஆர்.டி.ஐ. 01 படிவம் கொடுத்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். கேட்டது இரண்டே இரண்டு: கள அறிக்கையின் பிரதி, திட்டமிடல் குழுக் கூட்டக் குறிப்பில் எங்கள் விண்ணப்பம் பற்றிய பகுதி. ஏன் நிராகரித்தீர்கள் என்று கேள்வியாகக் கேட்காமல், இருக்கிற ஆவணத்தின் பிரதியைக் கேளுங்கள், அப்போதுதான் தட்டிக்கழிக்க இடமிருக்காது. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

கள அறிக்கையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையால் எழுதியிருந்தார்: "ஏற்றி இறக்கும் கதவு வீதியை நோக்கியுள்ளது. லொறி பிரதான வீதியிலிருந்து பின்பக்கமாக உள்ளே வர வேண்டும். வளவுக்குள் திரும்ப இடமில்லை." அவ்வளவுதான். பெட்டி ஏழா பத்தா என்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. அதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிஞ்சியிருக்கும், அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது, ஆனால் மனுசன் எழுதியது சரி.

பிளானை விரித்து வைத்து அன்றிரவு திரும்பத் திரும்பப் பார்த்தேன். பத்துச் சக்கர லொறி ஒன்று கிட்டத்தட்ட 30 அடி. முன்னால் விட்ட இடமும் 30 அடி. பின்னால் கீறிய லொறிப் பெட்டிக்கு எந்தச் சாரதியும் போகமாட்டான், கதவு முன்னால் இருக்கும்போது அவன் ஏன் போகப் போகிறான்?

பெரியம்மாவிடம் போனேன். திண்ணையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நீ ஆலை போடு மனே, ஆர் வேணாமெண்ட. லொறி றோட்டுல குறுக்க நிண்டா என்ட பேத்தி எப்பிடிச் சைக்கிள்ல பள்ளிக்குப் போற?" நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கேற்றில் ஒரு ஆளை நிற்கவைத்து பஸ்ஸை மறிக்கலாம் என்றார். அவரை வழிக்குக் கொண்டுவரத்தான் அந்த வேலை செய்தேன்: மார்ச்சில், மாரி வெள்ளாமை வெட்டு ஓய்ந்ததும், வெறுங்காணிக்குச் சுண்ணாம்பு கொண்டுவந்து முதல் பிளானை அளந்து நிலத்தில் கீறினோம். எங்களுக்கு நெல் ஏற்றுகிற சம்மாந்துறைக் காக்காவை (காக்கா என்றால் அண்ணன்) லொறியோடு வரச் சொன்னேன். தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் கூப்பிட்டேன், வரமாட்டார் என்று நினைத்தேன், மோட்டார் சைக்கிளில் வந்து வேப்ப மரத்தின் கீழ் நின்றார்.

காக்கா இருபது வருடம் லொறி ஓட்டுகிறவர். கோட்டுக்குள் பின்பக்கமாக எடுக்க அவருக்கே மூன்று தரம் முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது, அதில் இரண்டு தரம் வீதி முழுக்க அடைபட்டது. கல்முனை பஸ் ஒன்று ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டே நின்றது. பின்னால் மெசின் பெட்டி, அதற்குப் பின்னால் ஓட்டோ, எதிர்ப் படலையில் பெரியம்மா. காக்கா இறங்கி வந்து மாமாவிடம், "நாநா, இது ஒரு லொறிக்கு. சீசனுக்கு உங்களுக்கு எத்தின லொறி வரும்?" என்று கேட்டார். மாமா சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்தார். அதோடு அந்த வாக்குவாதம் முடிந்தது.

மறுகா கயிறு பிடித்து எல்லாவற்றையும் மாற்றிக் கீறினோம். முதலில் லொறியை ஓடவிட்டு, அது திரும்பின தடத்தைச் சுற்றி மிஞ்சிய இடத்தில் ஆலையை வைத்தோம். கட்டடம் பின்னால் போனது, 44 அடிக்கு 110. பின் எல்லையில் 12 அடி, முன்னால் 125 அடி முற்றம். லொறி முகம் முன்னாக வரும், முற்றத்தில் வளைத்துக் கதவுக்குப் பின்பக்கம் கொடுக்கும், முகம் முன்னாகவே வெளியே போகும். கார்ப் பெட்டி ஏழும் மதிலோரம். ஆலையில் இழந்தது 160 சதுர அடிதான், அதற்காகவா நான் பத்துப் பெட்டி கீறித் திரிந்தேன்.

ஆனால் பின்னால் தள்ளியதில் மாஸ்டரின் குசினிக்கு நேரே ஆலை போய்விட்டது. அவருடைய முதல் கடிதம் லொறியைப் பற்றியது, இரண்டாவது உமித் தூசியைப் பற்றி, படமும் கீறி அளவும் போட்டு, கணக்கு மாஸ்டர்தானே. சபைக்குக் கொடுக்க முன் என்னிடம் காட்டினார். "தம்பி, உன்ன மறிக்க இல்ல, ஆனா நான் இத எழுதாம இருக்கேலாது." இரண்டு பின்னேரம் அவர் வீட்டு மேசையில் இருந்து பேசினோம். உமி அறையை வலப்பக்கம், தென்னந்தோட்டத்தை ஒட்டி மாற்றினோம். அவர் பக்கச் சுவரில் யன்னலே இல்லை. வெளிச்சத்துக்குக் கூரையில் இடையிடையே கண்ணாடித் தகடு, காற்றுக்கு முகட்டில் திறப்பு. கூரைத் தண்ணீர் அவர் காணிக்குள் விழாமல் பீலி. தூசு பிடிக்கும் பொறி சுற்றாடல் உரிமத்துக்கு எப்படியும் வேண்டியிருந்தது. அவர் தன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, கீழே "மேற்படி மாற்றங்கள் செய்யப்பட்டால் ஆட்சேபமில்லை" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். இப்படி எழுத்தில் ஒரு வரி இருந்தால் குழுவில் பேச்சு சுருங்கிவிடும்.

முகப்பு விசயம் அதற்குப் பிறகு லேசாகிவிட்டது. குழுவுக்குப் பிடிக்காதது பிரதான வீதியைப் பார்த்து நின்ற 50 அடித் தகரச் சுவர். கட்டடமே உள்ளே போனதும் அது பாதி தீர்ந்தது. மீதிக்கு, கட்டடக் கோட்டுக்கு (வீதிப் பக்கம் அதைத் தாண்டிக் கட்டக்கூடாத எல்லை) உள்ளே முன்பக்கம் சின்னதாக ஓர் அலுவலக அறை, ஓடு போட்டு, இரண்டு யன்னலோடு. நின்ற வேம்பையும் தறிக்காமல் பிளானில் காட்டினோம். கேற் அகலத்தில் மட்டும் ஓர் இழுபறி: நான் 16 அடி கீறியிருந்தேன், காக்கா லொறியை வளைத்த தடம் 20 கேட்டது, வடிகானுக்கு மேல் போடும் சிலாப்பும் அதோடு அகன்றது. செலவு கூடிவிட்டது என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

2024 ஜூனில் பெர்மிட் வந்தது, ஒரு வருடத்துக்கு. அத்திவாரம் போட்டுச் சுவர் எழும்பும்போது நவம்பர் கடைசி வெள்ளம் வந்தது, மூன்று கிழமை மேசன்மார் வரவில்லை. எப்படியோ ஜனவரியில் கூரை முடிந்தது. பெர்மிட் எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் கட்டடத்தைப் பாவிக்க முடியாது. பிளானில் உள்ளபடி கட்டியிருக்கிறதா என்று வந்து அளந்து பார்ப்பார்கள்.

அவர்கள் வந்தது மார்ச்சில், நல்ல வெயில். இன்ன கிழமை வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள், இன்ன நாள் என்று சொல்லவில்லை. மாமாவின் வயல் வெட்டி ஈர நெல் வந்து கிடந்தது. முற்றத்தில் புதுசாகக் கொங்கிறீற் போட்டு, ஏழு கார்ப் பெட்டிக்கும் மஞ்சள் கோடு அடித்து வைத்திருந்தோம். நான் டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதே தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவோடு நிற்கிறார், மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையால் நெல் புரட்டுகிறார், மஞ்சள் கோடு ஒன்றையும் காணோம்.

"இதுக்குக் கீழ ஏழு இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"இருக்கு சேர்," என்று சொல்லிவிட்டு நானும் ஒரு பலகையை எடுத்தேன்.