"வாட்ஸாப்ல வந்துச்சு" என்பது பதில் இல்லை

ஊடக அறிவு என்று பேச்சு வந்தாலே எந்தப் படம் ஒட்டுவேலை, எந்த வீடியோ ஏஐ செய்தது, போலிச் செய்தியை எப்படிப் பிடிப்பது என்கிற பக்கமாகவே போய்விடுகிறது. அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. ஃபோனும் டிவியும் நாம் ஒருவரோடொருவர் பேசுகிற விதத்தையே மாற்றிக்கொண்டு வருகின்றன, வீட்டுக்குள், நண்பர்களுக்குள், வேலை செய்யும் இடத்தில், எல்லா இடத்திலும். அதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். யாராவது ஒரு சேதி சொன்னால் "யார் சொன்னா?" என்று கேட்பது நமக்குத் தானாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்றால், அவருக்கு இதெல்லாம் தெரிய வழியிருக்கிறதா, இல்லை ஒன்றை மூன்றாக்கிச் சொல்கிற ஆளா என்று அந்த நொடியிலேயே எடைபோட்டுவிடுவோம். இப்போது அதே கேள்விக்கு வருகிற பதில், "வாட்ஸாப்ல வந்துச்சு". அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எழுதியது யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது. ஆனால் அனுப்பியவர் சித்தப்பா, அதனால் சித்தப்பா மேல் இருக்கிற நம்பிக்கை முழுவதும் அந்த முகம் தெரியாத ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அப்படி வருகிற ஒன்றை வரிவரியாக நிதானமாகப் படியுங்கள். மேலே சிவப்பு விளக்கு எமோஜி, "மிக அவசரம்". அடுத்து "பிரபல மருத்துவர் ஒருவர் சொல்கிறார்", அவருக்குப் பெயர் இருக்காது. "நேற்று நடந்தது" என்று இருக்கும், தேதி இருக்காது, அதனால் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் அது நேற்று நடந்ததாகவே இருக்கும். நடுவில் யாரும் மறுக்க முடியாத ஒரு வரி, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பது மாதிரி, அதை ஒட்டினாற்போலவே பொய் வரும். கடைசியில் "உங்கள் அன்புக்குரியவர்களுக்கு உடனே அனுப்புங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றலாம்". அந்தக் கடைசி வரிதான் வேலையைச் செய்கிறது. பெரும்பாலானவர்கள் அக்கறையால்தான் அனுப்புகிறார்கள், அதை எழுதியவருக்கு அது நன்றாகவே தெரியும். இந்த அக்கறையைக் கேலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பொய்யைப் பரப்புவதெல்லாம் இயந்திரங்கள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள், 2018இல் அது 'சயின்ஸ்' இதழில் வந்தது. பொய்யான செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. புதுசாக இருக்கிற விஷயத்தை முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்கிற ஆசை மனிதர்களுக்கு உண்டு, அது நேற்று ஃபோன் வந்ததால் முளைத்தது இல்லை. ஃபோன் செய்தது, அந்த ஆசைக்கும் செயலுக்கும் நடுவில் இருந்த நேரத்தை எடுத்துவிட்டதுதான். முன்பு ஒரு சேதியைச் சொல்ல வேண்டுமென்றால் நாமே நம் வாயால் சொல்ல வேண்டும், சொல்லும்போதே "இது நடக்குமா?" என்று நமக்கே ஒரு சந்தேகம் வரும். இப்போது கட்டைவிரல் போதும்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாலே என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. ஏற்கெனவே பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸாப் 2020இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாரும் எதையும் தடை செய்யவில்லை, இன்னொருவருக்கு வேண்டுமானால் மறுபடி ஒருமுறை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதே வருஷம் ட்விட்டர், திறந்துகூடப் பார்க்காமல் கட்டுரையைப் பகிரப் போகிறவர்களிடம் "முதலில் படிக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்தது. அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியது.

அப்புறம் திரும்பத் திரும்பக் கேட்பது. 1977இல் அமெரிக்காவில் மாணவர்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில வாக்கியங்களைக் கொடுத்து, இவை எந்த அளவு உண்மை என்று கேட்டார்கள். மீண்டும் மீண்டும் வந்த வாக்கியங்கள், உண்மையோ பொய்யோ, அதிக உண்மையாகத் தோன்ற ஆரம்பித்தன. இதைக் குடும்பக் குழுவோடு பொருத்திப் பாருங்கள். ஒரே செய்தி உறவினர் குழுவில், பள்ளித் தோழர்கள் குழுவில், குடியிருப்போர் குழுவில் வருகிறது. மூன்று பேர் தனித்தனியாகச் சொன்ன மாதிரி மனசு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பேசியது ஒரே ஆள், அதுவும் யாரென்றே தெரியாத ஆள்.

டிவி விவாதத்தின் பாதிப்பு இன்னும் நுட்பமானது, அதனாலேயே நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். "ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று நெறியாளர் மடக்குவதைத் தினமும் பார்க்கிறோம். நேரக் கணக்கில் நடக்கிற நிகழ்ச்சி அது, விளம்பர இடைவேளைக்குள் ஒரு மோதல் வேண்டும். ஆனால் வீட்டில் விளம்பர இடைவேளை கிடையாதே, பிறகு ஏன் அப்பாவும் மகளும் அதே மாதிரி பேச வேண்டும்? "நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு, எதிராளி பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அடுத்த கேள்வியை வீசுவது எல்லாம் திரையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தவை. "எனக்கு இதில் பாதிதான் சரியென்று படுகிறது" என்று சொல்கிறவர் தோற்றுப் போனவர் மாதிரி ஆகிவிடுகிறார். எதைப் பற்றிப் பேசுவது என்பதையும் பல சமயம் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஊடக ஆய்வாளர்கள், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதும் ஊடகங்கள் அதிக இடம் கொடுத்ததும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்து மிகவும் பயன்படுகிற பழக்கம், சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போவது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேரிடம் சில இணையதளங்களைக் காட்டி நம்பலாமா என்று கேட்டார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் பலமுறை ஏமாந்தார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள், அழகான லோகோவையும் ஒழுங்கான எழுத்தையும் பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அங்கே அதிக நேரம் நிற்கவே இல்லை, புது டேப் திறந்து இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு உடனே சொல்லித்தர வேண்டியது இது என்பது என் கருத்து. ஊன்றிப் படி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஊன்றிப் படிக்கத் தகுதியானதுதானா என்று முதலில் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடுவதும் அறிவு இல்லை. வெள்ளம் புகுந்த சாலையில் சுறா நீந்துகிற படம் ஒன்று 2011இல் ஐரீன் புயலின்போது வந்தது. ஒட்டுவேலை. தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து அந்தச் சுறாவை வெட்டி எடுத்திருந்தார்கள். அதன் பிறகு எங்கே புயல் அடித்தாலும் அந்தச் சுறா வந்தது. 2022இல் இயன் புயலின்போது ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸில், வெள்ளத்தில் சுறா போன்ற பெரிய மீன் துள்ளுகிற வீடியோ வந்ததும் பழைய கதைதான் என்று பலர் ஒதுக்கினார்கள். ஏபி செய்தி நிறுவனம் விசாரித்துப் பார்த்தது, அது உண்மையான வீடியோ. நம்பியவர்களைப் போலவே மறுத்தவர்களிலும் பலர் சரிபார்க்கவே இல்லை.

வீட்டுப் பெரியவர் தவறான ஒன்றை அனுப்பினால் குழுவில் எல்லார் முன்னாலும் "இது ஃபேக்" என்று போடாதீர்கள். அவர் செய்தியைவிட்டு மானத்தைக் காப்பாற்றப் போய்விடுவார், அப்புறம் எந்த ஆதாரமும் ஏறாது. தனியாகக் கூப்பிடுங்கள். "பெரியம்மா, நீங்க அனுப்புன படம் பழசு, வேற நாட்டுல எடுத்தது, நானும் தேடிப் பார்த்தேன்" என்று சொன்னால் பெரும்பாலும் அவரே எடுத்துவிடுவார். எப்படித் தேடினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில நாள் கழித்து "இது நிஜமா, பார்த்துச் சொல்லு" என்று அவரே கேட்டு அனுப்ப வாய்ப்புண்டு. அப்படிக் கேட்டால் வெறும் லிங்க்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு நிமிஷம் ஃபோனில் பேசுங்கள்.