கல்மரச் சீவல்: இரண்டாம் முயற்சி

கல்லாக மாறிய மரத்தை, அதாவது கல்மரத்தை, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வேலை. போன தடவை தவறியது எங்கே என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கல்மரத் துண்டின் ஒரு முகத்தைச் சமமாகத் தேய்த்து, எபாக்சி பசையால் கண்ணாடி வில்லையில் (ஸ்லைடில்) ஒட்டினேன். பசைக்குள் ஒரு காற்றுக் குமிழி தெரிந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கல் மெலிந்துகொண்டே வந்தபோது, குமிழிக்கு மேல் இருந்த பகுதி அடியில் பிடிப்பில்லாமல் பெயர்ந்து, பாதிச் சீவலையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது.

இந்த முறை கல்லையும் கண்ணாடியையும் இளஞ்சூடாக்கிய பிறகே ஒட்டினேன். பசை இளகிக் குமிழிகள் வெளியேறின. ஒரு நாள் இறுகவிட்டு, சிலிக்கன் கார்பைடு பொடியில் 220, 400, 600, 1000 என்று போனேன்; எண் கூடக்கூடப் பொடி நுண்மையாகும். பொடி மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். முரட்டுத் துகள் ஒன்று தங்கினாலும் கீறல் விழும். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

எட்ட வேண்டிய தடிமன் 0.03 மில்லிமீட்டர். அதைக் கல்மரத்திலுள்ள சிலிக்காப் படிகமான குவார்ட்சின் நிறமே சொல்லிவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாள்கள் இரண்டைக் குறுக்காக வைத்தால் ஒளி அடைபட்டு இருட்டாகும். இடையில் சீவலை வைத்தால், படிகம் ஒளியை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு வேகத்தில் அனுப்புகிறது. அந்த வேறுபாடு நிறமாகத் தெரிகிறது. 0.06 மில்லிமீட்டர் அளவில் செந்நிறம். அப்புறம் தேய்க்கத் தேய்க்க மஞ்சள், வெளிர்மஞ்சள். கடைசியில் வெண்சாம்பல் வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

நுண்ணோக்கியில் முதலில் சாதாரண ஒளியில் பார்த்தேன். பழுப்புச் சுவர்களோடு மரச் செல்களின் சின்னச் சின்னக் கட்டங்கள், நேர்வரிசையாக, ஏறக்குறைய ஒரே அளவில். நடுவே அகன்ற இலை மரங்களில் காணும் பெரிய துளைகள் எதுவும் இல்லை. ஆக, இது ஊசியிலை மர வகை. தாள்களைக் குறுக்காக்கியதும் அந்தக் கட்டங்கள் பின்வாங்கி, குவார்ட்ஸ் மணிகள் முன்னால் வந்தன. ஒரே மணி மூன்று நான்கு செல்களைத் தாண்டிப் பரவியிருக்கிறது! வில்லையைச் சுழற்றினால் மணிகள் ஒவ்வொன்றாக இருண்டு ஒளிர்கின்றன. நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா மரத்தின் வடிவத்தைக் காப்பாற்றியது. ஆனால் படிகமாக இறுகும்போது செல் சுவரின் எல்லையை மதிக்கவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலராய்டு தாள் வருவதற்கு முன் அதன் வேலையைச் செய்த நிகோல் பட்டகம் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். எடின்பரோவின் வில்லியம் நிகோல் 1828-இல் கால்சைட் படிகத்தை வெட்டிக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார். படிகத்தில் பிரியும் இரண்டு கதிர்களில் சாதாரண கதிருக்குக் கால்சைட்டின் ஒளிவிலகல் எண் 1.658, பால்சத்துக்குச் சுமார் 1.55. அதனால் அந்தக் கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து விலக, அசாதாரண கதிர் மட்டும் வெளியே வருகிறது. கல்மரத்தைக் கண்ணாடியில் ஒட்டி ஒளி ஊடுருவும்வரை தேய்த்தவரும் அதே நிகோல்தான் என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த முறையில் கிடைத்த சீவல்களை வைத்து ஹென்றி விதம் (Henry Witham) 1831-இல் தொல்தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். படிகமும் கல்மரமும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன.

அடுத்தது நெடுக்குவெட்டு. செல் சுவரிலுள்ள குழிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால், ஊசியிலை மரங்களில் இது அரக்கேரியா இனமா பைன் இனமா என்று நெருங்கலாம். துண்டு அறுத்தாயிற்று, 220-இல் ஒரு முகம் முடிந்திருக்கிறது.