டயரா, பேரிங்கா?

வண்டி அறுபதைத் தாண்டினால் முன்பக்கம் 'ஊ...' என்று ஒரு இரைச்சல். பாட்டுப் போட்டால் கேட்காது, அதனால் வீட்டில் யாருக்கும் கவலையில்லை. நாலு டயரையும் மாத்திடுங்க என்றார் ஒரு மெக்கானிக். டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்தாலும் இப்படித்தான் இரையும், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும்; புதுத் தார் ரோட்டில் அடங்கும், சிமெண்ட் ரோட்டில் எகிறும். என் வண்டியில் எங்கே போனாலும் ஒரே சுருதி.

காலியான பைபாஸில் லேசாக இடப்பக்கம் வளைத்தேன், இரைச்சல் கூடியது. வலப்பக்கம் வளைத்தால் குறைந்தது. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போ வலது வீல் பேரிங் மேல்தான் சந்தேகம்; சக்கரம் உரசாமல் சுழல உள்ளே குண்டுகளோ உருளைகளோ வைத்த வளையம்தான் அது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஜாக்கியில் தூக்கினோம். சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினால், கரகரவென்ற அதிர்வு விரலுக்கே தெரிகிறது. இடது பக்கம் வழவழவென்று சுற்றுகிறது. மேலும் கீழும் பிடித்து உலுக்கிப் பார்த்ததில் ஆட்டம் இல்லை. கெட ஆரம்பித்த புதிதில் அப்படித்தான் இருக்கும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் அது வேறு கதை, ஆக்சில் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருப்பதும் சுற்றிலும் தெறித்த கிரீஸும் காட்டிக்கொடுத்துவிடும்.

நாளைக்குப் பேரிங் மாற்ற விடுகிறேன். டயர் காசு இப்போதைக்குத் தப்பித்தது.