மல்லாந்த மௌஸ்

இன்று காலை 10 மணிக்கு மீட்டிங். 9:56-க்கு என் ஆப்பிள் கம்பெனி வயரில்லா மௌஸ் செத்தது. நாலு நாளாகத் திரை மூலையில் 'சார்ஜ் போடு, சார்ஜ் போடு' என்று கெஞ்சிக்கொண்டுதான் இருந்தது. யார் காதில் வாங்கினா?

சார்ஜ் போடுகிற ஓட்டை அதற்கு அடிவயிற்றில். வயரைச் சொருகினால் நகர்த்த முடியாது. கரப்பான்பூச்சி மாதிரி மல்லாக்கப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். 2015-ல் வந்த ஏற்பாடு. ஊரே சிரித்தது. 2024-ல் ஒருவழியாக மாற்றினார்கள், ஓட்டையின் வடிவத்தை. இடம் அதே அடிவயிறு.

பக்கத்து மேஜையிலிருந்து இவர் தன் வயர் மௌஸை நீட்டினார், அந்தச் சிரிப்போடு. அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுக்கக் கூடாதென்றே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். 2016-ல் போனில் ஹெட்போன் ஓட்டையை அடைத்துவிட்டு, மேடையேறி, காரணம் 'தைரியம்' என்றார்களே, அன்றைக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. "1998-ல கம்ப்யூட்டர்ல ஃப்ளாப்பி டிஸ்க் போடுற ஓட்டைய எடுத்தப்பவும் இப்படித்தான் கத்துனாங்க" என்று தொண்டை வற்ற வாதாடினேன். வயரில் கால் தடுக்கினால் தானே கழன்று லேப்டாப்பைக் காப்பாற்றுகிற காந்தச் சார்ஜரை 2006-ல் கொடுத்தார்கள், 2016-ல் பிடுங்கினார்கள். சரி என்றேன். 2021-ல் அதையே புதுசு மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். கைதட்டினேன். புகுந்த வீட்டுக் குறையைத் தெருவில் பேசுகிற வளர்ப்பில்லை.

இவர் மௌஸுக்குப் பட்டை மூக்கு. என் கம்ப்யூட்டரில் இருப்பதோ இரண்டே இரண்டு டைப்-சி ஓட்டை. நடுவில் மாட்டுகிற குட்டி அடாப்டர், பாப்புவின் பொம்மை லாரிக்கு டிரெய்லராகி மாசக்கணக்காகிறது.

2 நிமிஷம் சார்ஜ் ஏறினால் மௌஸ் 9 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனி வாக்கு. ஆனால் என்னுடையது பழைய மௌஸ், பழைய வயர்தான் சேரும். 2023-ல் போனுக்கு டைப்-சி வந்த சந்தோஷத்தில் (தானாகவா வந்தது? ஐரோப்பிய ஒன்றியம் எல்லாருக்கும் ஒரே ஓட்டை என்று 2022-ல் சட்டம் போட்ட பிறகு வந்தது) பழைய வயரையெல்லாம் கர்ணன் மாதிரி வாரி வழங்கிவிட்டேன். வீட்டில் மிச்சம் ஒன்றே ஒன்று. அத்தையிடம்.

அத்தை என் பழைய போனில், சார்ஜில் போட்டபடியே, நாத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார். வயரைப் பிடுங்கினால் அந்தப் போன் மூர்ச்சையாகிவிடும். மௌஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"ரெண்டே நிமிஷம் அத்தை."

"உன் எலிக்காக எம்பொண்ணு பேச்ச நிறுத்தணுமா?"

"மீட்டிங் அத்தை."

"பத்து வருஷம் உழைக்கும்னு இத என் தலையில கட்டுனவ நீதானே?"

கம்பெனி சார்பில் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அத்தை போனை வைத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வயரை நீட்டினார். சரியாக 2 நிமிஷம். பிடுங்கிக்கொண்டார்.

மீட்டிங்கில் என்னை யாரும் தேடவேயில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.

ராத்திரி இதை எழுத உட்கார்ந்தால் மேஜையில் மௌஸைக் காணோம். பாப்புவின் லாரியில் தேடினேன், இல்லை. அத்தை அறையில் எட்டிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார். தலைமாட்டில் மௌஸ், மல்லாந்து, வயிற்றில் வயரோடு. முதுகு கீறிவிடக் கூடாதென்று அடியில் மடித்த கைக்குட்டை. பக்கத்தில் அத்தையின் போன், 6 சதவீதத்தில்.

எடுத்து வர மனசில்லை. என் போனிலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கம்பெனியைக் கேளுங்கள்.