வாசகர் கணக்கிலிருந்து எங்களை நாங்களே விலக்கிக்கொண்ட அனுபவம்

பள்ளி மாணவர்களுக்கான தமிழ் இலக்கணப் பாடங்களை வெளியிடும் சிறிய இணையதளம் ஒன்றை நாங்கள் நான்கு பேர் அவரவர் வீட்டிலிருந்தபடியே நடத்தி வருகிறோம். அடுத்து எந்தப் பாடத்தை எழுதுவது என்பதைக் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டும் வருகைக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்வோம். அந்தக் கணக்கில் வல்லினம் மிகும் இடங்களுக்கான பயிற்சிப் பக்கம் பல மாதங்களாக முதலிடத்தில் இருந்ததைக் கண்டு, மாணவர்கள் சந்தியை விரும்பிப் பயில்கிறார்கள் என்று மகிழ்ந்திருந்தோம். ஒருநாள் ஊர் வாரியான பட்டியலைப் பார்த்தபோதுதான், அப்பக்கத்தின் வருகைகளில் பெரும்பகுதி எங்கள் நால்வரின் ஊர்களிலிருந்தே பதிவாகியிருப்பது தெரிந்தது. வினாக்களைத் திருத்துவதற்கும் விடைகளைச் சரிபார்ப்பதற்கும் நாங்களே அதை நாள்தோறும் பலமுறை திறந்துகொண்டிருந்தோம். பெரிய தளத்துக்கு இத்தகைய வருகை கடலில் கரைத்த பெருங்காயம். எங்களுடையதைப் போன்ற சிறிய தளத்திலோ அதுவே கணக்கின் முகத்தை மாற்றிவிடுகிறது.

2023 ஜூலை 1 அன்று தரவு சேகரிப்பை நிறுத்திக்கொண்ட பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், வடிகட்டாத பதிவு ஒன்றை 'வியூ' என்ற பெயரில் தனியே வைத்துக்கொண்டு, மற்றொரு வியூவில், சொந்த வருகைகளைப் போன்ற வேண்டாதவற்றை விலக்கும் வடிகட்டிகளை அமைக்கலாம்; தவறு நேர்ந்தாலும் மூலக் கணக்கு பத்திரமாக இருக்கும். இப்போதுள்ள நான்காம் பதிப்பில் அந்த வசதி இல்லை. வடிகட்டி ஒருமுறை செயலுக்கு வந்துவிட்டால், அது விலக்கும் வருகைகள் பதப்படுத்தப்படுவதே இல்லை, பின்னர் அவற்றை மீட்கவும் வழியில்லை. அதேபோல, வடிகட்டி பழைய கணக்கைத் திருத்துவதும் இல்லை. அமைத்த நாளுக்குப் பிறகு வருபவற்றை மட்டுமே அது தொடும். இதைப் படித்த பிறகு அவசரப்பட எனக்கு மனம் வரவில்லை.

தொடக்கத்தில் என்னைக் குழப்பியது, இந்த வேலை இரண்டு வெவ்வேறு இடங்களில் நடைபெறுகிறது என்பதே. அட்மின் பகுதியில் 'டேட்டா ஸ்ட்ரீம்ஸ்' வழியாகச் சென்று, டேக் (வருகையைப் பதிவுசெய்யப் பக்கத்தில் வைக்கும் நிரல்துண்டு) அமைப்புகளுக்குள் 'டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்' என்ற இடத்தில் நம் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகளைக் குறிக்க வேண்டும். அவ்வளவில் எதுவும் விலக்கப்படுவதில்லை. அம்முகவரிகளிலிருந்து வரும், பக்கத்தைத் திறப்பது போன்ற ஒவ்வொரு நிகழ்வின்மீதும், அதனுடன் சேர்ந்து பதிவாகும் 'டிராஃபிக் டைப்' என்ற அளவுருவில் 'இன்டர்னல்' என்ற முத்திரை மட்டும் குத்தப்படுகிறது. முத்திரை விழுந்தவற்றை விலக்குவது 'டேட்டா ஃபில்டர்ஸ்' பகுதியில் இருக்கும் வடிகட்டியின் வேலை. அது முதலில் 'டெஸ்டிங்' நிலையில்தான் இருக்கிறது. இந்த நிலையில் எந்த வருகையும் கணக்கிலிருந்து நீங்காது. விலக்கப்படக் கூடியவை மட்டும் வடிகட்டியின் பெயருடன் தனியே அடையாளம் காட்டப்படும். மூல வியூ இல்லாத குறையை ஓரளவேனும் ஈடுசெய்வது இந்தச் சோதனை நிலைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நால்வரின் ஐபி முகவரிகளையும் சேர்த்துவிட்டு, 'ரியல்டைம்' அறிக்கையில் வடிகட்டியின் பெயரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் நாள் எங்கள் வருகைகள் அனைத்தும் அடையாளம் காட்டப்பட்டன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் தப்பியிருந்தன. அலுவலகத்தைப் போல நிலையான முகவரி வீட்டு பிராட்பேண்ட் இணைப்புக்குக் கிடைப்பதில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டாலே முகவரி மாறிவிடக்கூடும். புதிய வகையான ஐபிவி6 முகவரியில், தனியுரிமை கருதிக் கருவியே பின்பாதியான 64 பிட்டுகளை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது. முன்பாதியை மட்டும் ஒப்பிடும்படி விதியை எழுதியபோது ஓரளவு பயன் கிடைத்தது. இணைப்பு நிறுவனம் முன்பாதியையே மாற்றிய நாளில் அதுவும் வீணாயிற்று.

இதைவிட என்னைக் கவலைகொள்ளச் செய்தது வேறொன்று. கைபேசி இணைப்புகளில் பழைய வகையான ஐபிவி4 முகவரி ஒன்றையே ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். எங்களில் ஒருவர் கைபேசியில் தளத்தைத் திறந்தபோது தெரிந்த முகவரியை நானும் விதியில் சேர்த்திருந்தேன். அதே முகவரியின் பின்னால் முன்பின் அறியாத மாணவர் ஒருவர் எங்கள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தால், வடிகட்டி செயலுக்கு வந்ததும் அவருடைய வருகையும் எங்களுடையதாகவே எண்ணி நீக்கப்பட்டுவிடும், அதுவும் மீட்க முடியாதபடி. அன்றே அந்த விதியை அழித்தேன்.

ஆகவே, முகவரியை நம்புவதை விட்டுவிட்டு, எங்கள் கருவிகளை நாங்களே அடையாளப்படுத்திக்கொள்ளும் முறைக்கு மாறினோம். வெளியில் இணைப்புத் தராத பக்கம் ஒன்றை அமைத்து, நால்வரும் தத்தம் கணினியிலும் கைபேசியிலும் ஒருமுறை அதைத் திறந்தோம்; அப்பக்கம் உலாவியில் ஒரு குக்கியை, அதாவது சிறு அடையாளக் குறிப்பை, பதிக்கிறது. தளத்தின் நிரல், அந்தக் குக்கி இருந்தால் டிராஃபிக் டைப் அளவுருவுக்கு 'இன்டர்னல்' என்ற மதிப்பைத் தானே கொடுத்துவிடுகிறது. இந்த மதிப்பை அனலிட்டிக்ஸ் டேக் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நான் முதலில் அதற்குப் பிறகு கொடுத்ததால், ஒவ்வொரு பக்கத்தின் முதல் நிகழ்வும் முத்திரையின்றித் தப்பியது. ஐபோன் வைத்திருந்தவருக்கு மற்றொரு சிக்கல்: நிரல் பதிக்கும் குக்கியை சஃபாரி 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வருகையின்போதும் குக்கியைப் புதுப்பிக்கச் செய்ததும் அது தீர்ந்தது.

நிரல் சோதனைகளை விலக்கும் 'டெவலப்பர் டிராஃபிக்' வடிகட்டியை அமைக்க ஐந்து நிமிடமே ஆயிற்று. அதைச் செயல்படுத்திய பிறகும் நம் சோதனைகளை, அவற்றுக்கெனவே உள்ள 'டீபக்வியூ' திரையில் பார்க்க முடிவது பெரிய உதவி.

இரண்டு வாரம் சோதனை நிலையிலேயே வைத்துப் பார்த்தேன். நாங்கள் வேலை செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று முத்திரை பெற்ற வருகை ஒன்றுகூட இல்லை என்று கண்ட பிறகே வடிகட்டியை 'ஆக்டிவ்' நிலைக்கு மாற்றி, அந்தத் தேதியை எங்கள் பொதுக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இல்லையெனில் அடுத்த ஆண்டு வரைபடத்தில் அந்தச் சரிவைப் பார்ப்பவர் வாசகர்கள் குறைந்துவிட்டதாக நினைத்துவிடுவார். மாற்றம் முழுமையாக நடைமுறைக்கு வர 24 முதல் 36 மணி நேரம் ஆகலாம் என்பதால் இரண்டு நாள் கழித்தே அறிக்கையைத் திறந்தேன். வல்லினப் பயிற்சி நான்காம் இடத்துக்கு இறங்கியிருந்தது. நாங்கள் எழுதிவிட்டு ஏறக்குறைய மறந்தே போயிருந்த, வெண்பாவை அலகிடும் முறை பற்றிய பாடம் முதலிடத்தில் இருந்தது. அதன் இரண்டாம் பகுதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.