ஆட்டம் எங்கே தொலைகிறது: பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கின் ஸ்டீயரிங் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

வண்டியில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். முன்னால் ஒரே துண்டாக வரும் ஆக்சில், பவர் உதவியுள்ள ரீசர்குலேட்டிங் பால் ஸ்டீயரிங் பாக்ஸ் (உள்ளே குண்டுகள் உருண்டு திருப்பத்தைக் கடத்தும் பல்பெட்டி). 60 கி.மீ. வேகம் தாண்டினால் நேர்ச் சாலையிலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி பக்கவாட்டில் தாவுகிறது. முன்பு யாரோ இரண்டு ஸ்டீயரிங் டாம்பர் (ஸ்டீயரிங்கின் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கழற்றியாயிற்று. டாம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. அது மாட்டியிருக்கும்வரை எந்தச் சோதனையும் உண்மை சொல்லாது.

முதலில் செலவில்லாத வேலை. நான்கு டயர்களிலும் குளிர்ந்த நிலையில் காற்றைச் சரி செய்து, முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டினோம். அலைச்சல் அப்படியே இருக்கிறது. டயர் குற்றவாளி இல்லை.

பிப்ரவரி 4

உலர் சோதனை. சக்கரங்கள் தரையில், வண்டியின் எடை அவற்றின் மேல், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை. ஒருவர் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே மெதுவாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்; பாதி விரல் ஒரு பாகத்தில், பாதி அடுத்ததில். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டரும் விரலுக்குத் தெரியும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்தால் சுமை இல்லாததால் பாதி ஆட்டம் ஒளிந்துகொள்ளும்.

ஸ்டீயரிங் வளையத்தில் டேப் ஒட்டி அளந்ததில் சக்கரம் அசையத் தொடங்கும் முன் 70 மி.மீ. வீணாகிறது. அந்த 70 எங்கெங்கே போகிறது என்பதுதான் கணக்கு. ஸ்டீயரிங் வளையத்திலிருந்து பாக்ஸுக்கு வரும் தண்டின் இணைப்பு நன்றாக இருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியோடு சேர்ந்து அசைகிறது. பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்கின் ஒரு முனை தளர்ந்திருக்கிறது. இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனை மூட்டுகள், அதாவது டை ராட் எண்ட், இரண்டும் போய்விட்டன. பாக்ஸுக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது.

பிப்ரவரி 6

பாக்ஸ் போல்ட்டுகளை இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. கழற்றி, சேஸியைக் கம்பித் தூரிகையால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பெயிண்டுக்கு மேல் முடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அதன் அடியில் விரிசல். இங்கே கீழ் போல்ட் ஓட்டையிலிருந்து 30 மி.மீ. நீளத்துக்கு ஒன்று இருந்தது. விரிசலின் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, V வடிவில் அரைத்து வெல்டு வைத்து, மேலே தகடு. பெட்டி வடிவ சேஸி என்றால் போல்ட் போகும் வழியில் உள்ளே ஒரு குழாய் வைத்து வெல்டு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்க இறுக்க சேஸி நசுங்கும், இறுக்கம் ஒருநாளும் நிற்காது. பெரிய டயர் போட்ட வண்டிகளில் இந்த விரிசல் அடிக்கடி வருகிற வியாதி.

பிப்ரவரி 7

டை ராட் எண்ட். கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளவும். ஒரு முனை இடது மரை, ஒரு முனை வலது மரை. கவைபோன்ற இரும்பை அடித்து நுழைத்தால் ரப்பர் உறை கிழியும். நட்டைச் சில சுற்று மட்டும் விட்டுவிட்டு, பால் ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டாகப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரு நல்ல அடி. டேப்பர் (கூம்பு வடிவப் பிடிப்பு) தானாக விடும். புதியதை மாட்டும்போது டேப்பர் இரண்டும் எண்ணெய், கிரீஸ் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் ஓட்டை பொருந்தவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்தி அல்ல.

டை ராட் குழாயை மேசைமேல் உருட்டிப் பார்த்தால் நடுவில் வளைவு. எப்போதோ கல்லில் இடித்திருக்கிறது. ராட் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால், வளைந்து குட்டையாகும்போது டயர்களின் பின்பக்கம் நெருங்கி முன்பக்கம் விரிந்துவிடும். நிமிர்த்திப் போடவில்லை. ஒருமுறை வளைந்த குழாய் அதே இடத்தில் எளிதாக மறுபடி வளையும். புதுக் குழாய்.

பிப்ரவரி 9

ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் ஸ்க்ரூ, உள்ளே பற்களின் இடைவெளியைச் சரிசெய்வது. பலர் முதலில் கைவைக்கிற இடமும், அதிகம் கெடுக்கிற இடமும் இதுதான். பாக்ஸில் நடு நிலையில்தான் பற்கள் மிக நெருக்கமாக இருக்கும். இரு ஓரங்களிலும் வேண்டுமென்றே தளர்வு உண்டு. ஓரத்தில் வைத்து ஆட்டத்தை எடுத்தால் நடுவில் கவ்விப் பிடித்துவிடும். எனவே டிராக் லிங்கைப் பிரித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுற்றுகளை எண்ணி, சரியாகப் பாதிக்குக் கொண்டுவந்து, லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று. மறுபடி ஓரம் முதல் ஓரம் வரை திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் லேசான கனம் உணரலாம், பிடிப்பு கூடாது. இங்கே இரண்டு முறை எட்டில் ஒன்று போதுமாக இருந்தது. திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் அதிகம் இறுக்கியாயிற்று என்று பொருள்.

இப்போது வளையத்தில் 25 மி.மீ.

பிப்ரவரி 11

முன் ஹப். சக்கரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக். பிரேக்கை மிதித்துக்கொண்டு மறுபடி ஆட்டினோம். ஆட்டம் நின்றிருந்தால் வீல் பேரிங். நிற்கவில்லை, எனவே கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங். மேல் மூடியின் அடியிலிருந்து 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒன்றை எடுத்து, ஆக்சில் சீலும் டை ராடும் இணைக்காத நிலையில் ஸ்டீயரிங் ஆர்மின் ஓட்டையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். எத்தனை கிலோவில் நகரத் தொடங்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்த வண்டியின் ஒர்க்ஷாப் மேனுவல் எண்ணே வேதம்.

பிப்ரவரி 15

நோயின் வேர் இங்கே இருந்தது. முன் பட்டையின் ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸியோடு இணைக்கும் அசையும் இணைப்பு) முன்முனையில் இருக்கிறது, பழைய லேண்ட் குரூசர் 40, ஜீப் சிஜே 7 போல. வண்டியை உயர்த்த வேண்டும் என்று கம்பெனி அளவைவிட 50 மி.மீ. நீளமான ஷேக்கிள் போட்டிருக்கிறார்கள். ஆக்சில் பட்டையின் நடுவில் இருப்பதால் இதில் கிடைக்கும் உயரம் பாதிதான், 25 மி.மீ. ஆனால் பட்டையின் முன்முனை 50 மி.மீ. கீழே போகிறது. 1100 மி.மீ. நீளப் பட்டைக்கு அது ஏறக்குறைய 2.6 பாகை சாய்வு, முன்னோக்கி. கிங் பின்னின் தலையும் அதே அளவு முன்னே சாய்ந்து காஸ்டர் (கிங் பின்னின் பின்னோக்கிய சாய்வு) கரைகிறது. காஸ்டர்தான் சக்கரத்தை நேராக இழுத்துப் பிடிப்பது. சைக்கிளின் ஃபோர்க்கைச் செங்குத்தாக நிமிர்த்திவிட்டுக் கையை விட்டு ஓட்டினால் எப்படியோ, அப்படித்தான்.

ஷேக்கிள் பின்முனையில் இருந்தால் கணக்கு தலைகீழ்: நீளமான ஷேக்கிள் காஸ்டரைக் கூட்டும்.

வண்டியை மட்டத்தில் நிறுத்தி, கிங் பின் மேல் மூடியின் இழைத்த முகத்தில் கோணமானி வைத்ததில் இடது 0.5, வலது 0.5. கம்பெனி அளவு ஷேக்கிளும் புது புஷ்ஷும் போட்ட பிறகு இரண்டும் 3. உயரம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வளைவு கூடிய பட்டை போடட்டும், ஷேக்கிளை நீட்ட வேண்டாம்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துக் காஸ்டர் கூட்டுபவர்களுக்கு: பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால்; பட்டை கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னால். இரும்பு ஆப்பு மட்டும், அலுமினியம் நசுங்கும். சென்டர் போல்ட் (பட்டைகளைச் சேர்த்து ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் போல்ட்) அதற்கேற்ப நீளமாக இருந்து, தலை ஓட்டைக்குள் முழுதாக உட்கார வேண்டும். காஸ்டர் கூடினால் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே குனியும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டின் கோணம் கூடும். இலவசமாக எதுவும் வராது.

ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஆக்சிலைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள் புதியவை. ஒருமுறை நீண்ட மரை திரும்ப நம்பிக்கையாகப் பிடிக்காது.

பிப்ரவரி 18

பின் ஆக்சில். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவுக்கு இடது, வலது அளந்ததில் 6 மி.மீ. வித்தியாசம். பின்பக்கம் ஒரு சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. பின் சக்கரமும் வண்டியைத் திருப்பும் என்பதை மறந்துவிட்டு முன்னாலேயே தேடுவது வழக்கம். போல்ட் மாற்றிய பின் வித்தியாசம் 1 மி.மீ.

பிப்ரவரி 19

டோ, அதாவது முன் சக்கரங்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளி வித்தியாசம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ட்ரெட்டின் நடுவில் சாக்பீஸ் பூசி, ஆணியால் ஒரு கோடு. இறக்கி, சில மீட்டர் முன்னோக்கித் தள்ளி, ஹப் உயரத்தில் முன்னும் பின்னும் கோட்டுக்குக் கோடு அளவு. முன்னால் 1.5 மி.மீ. குறைவாக வைத்தோம்.

ஸ்டீயரிங் கோணலாக நின்றது. அதை டிராக் லிங்க் நீளத்தில்தான் சரி செய்தோம். ஸ்டீயரிங்கைக் கழற்றித் திருப்பி மாட்டினால் கண்ணுக்கு நேராகும், பாக்ஸோ நடு நிலையைவிட்டு விலகிய இடத்தில் ஓடும். 9ஆம் தேதி செய்த வேலை வீண்.

பிப்ரவரி 21

ஷாக் அப்சார்பர். தண்டில் ஒரு கேபிள் டை கட்டி மேடுபள்ளத்தில் ஓட்டிப் பார்த்தோம். முழுதாக அமுங்குவதற்கு முன் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வரும்போது தடுக்கும் ரப்பர் கட்டை) தொட வேண்டும், 20 மி.மீ. மிச்சம் இருக்கிறது, போதும். பிரேக் ஹோஸும் இரு ஓரத் திருப்பத்திலும் இழுபடவில்லை.

மார்ச் 1

300 கி.மீ. ஓடிய பின் யூ போல்ட்டுகள் மறு இறுக்கம். நான்கு போல்ட்டுகளில் மூன்று, ஆளுக்குக் கால் சுற்று வாங்கின. பாக்ஸ் போல்ட் அசையவில்லை. வளையத்தில் 20 மி.மீ. 80 கி.மீ. வேகத்தில் டாம்பர் இல்லாமலே நேராகப் போகிறது. இப்போதுதான் டாம்பர் மாட்டினோம், ஒன்றே ஒன்று, கல்லில் இடிக்கும்போது கைக்கு வரும் உதையை மட்டும் தாங்க. இரண்டாவது டாம்பரின் பிராக்கெட்டை அறுத்து எடுத்தாயிற்று.